பிக்கோ-8: 32 கிலோபைட்டுக்குள் ஒரு முழு கேம்

சின்ன வயதில் விளையாடிய பாம்பு, செங்கல் உடைக்கிற பந்து, பேய்கள் துரத்தும் புதிர்ப்பாதை, தாவிக் குதித்து ஓடும் மீசைக்காரர். இவற்றில் ஒன்றையாவது நம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கான விமர்சனம் இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: அந்த ஆசைக்கு பிக்கோ-8 போலப் பொருந்துகிற கருவி வேறு இல்லை. பெரிய கேம் எஞ்சின்களில் தொடங்கும் வீட்டுத் தயாரிப்புகள் பெரும்பாலும் பாதியிலேயே நிற்கும். இதில் தொடங்கினால் முடிக்கத் தோன்றும், ஏனென்றால் இதில் வளர்த்துக்கொண்டே போக இடமே கிடையாது.

பிக்கோ-8, லெக்ஸலாஃபிள் என்ற நிறுவனப் பெயரில் ஜோசஃப் வைட் உருவாக்கியது. எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படாத ஒரு கற்பனை கேம் கன்சோல், மென்பொருளாக மட்டும் கணினிக்குள் ஓடுகிறது. திரை 128×128 பிக்சல். நிறங்கள் 16, அவையும் முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டவை. 8×8 பிக்சல் அளவில் 256 ஸ்ப்ரைட்டுகள், அதாவது பாத்திரம், சுவர் போன்றவற்றுக்கான சிறு படங்கள். ஒலிக்கு 4 சேனல். நான்கு திசை, இரண்டு பட்டன். கேம் முழுவதும் 32 கிலோபைட் கேட்ரிட்ஜில் (ஒரு கேமைத் தாங்கும் கோப்பு) அடங்க வேண்டும். ஒருமுறை பணம் கட்டி வாங்கினால் விண்டோஸ், மேக், லினக்ஸ், ராஸ்பெர்ரி பை எல்லாவற்றுக்கும் கிடைக்கும். வாங்குவதற்கு முன் பழகிப் பார்க்க, உலாவியிலேயே ஓடும் இலவசக் கல்விப் பதிப்பும் இருக்கிறது. அதில் ஒரு வாரம் செலவழித்துவிட்டு வாங்குவதே நல்லது.

32 கிலோபைட் என்றால் பயப்பட வேண்டாம். 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் கேட்ரிட்ஜின் மொத்த அளவே 40 கிலோபைட்தான்: நிரலுக்கு 32, படங்களுக்கு 8. அதில் மேகமும் தரையில் உள்ள புதரும் ஒரே வடிவம், நிறம் மட்டும் வேறு. பிக்கோ-8-இலும் வரைவதற்கு முன் நிறத்தை மாற்றிக் கொடுக்கும் ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு) உண்டு, அதே தந்திரம் அப்படியே வேலை செய்யும். ஒரே பேயை நாலு நிறத்தில் காட்ட நாலு ஸ்ப்ரைட் வரைவது வீண். 2015-இல் மேடி தார்சனும் நோயல் பெர்ரியும் நாலே நாளில் பிக்கோ-8-இல் செய்த செலஸ்ட், இந்த 32 கிலோபைட்டுக்குள் 30 லெவல்களைக் கொண்டது. 2018-இல் வந்த பெரிய செலஸ்ட்டுக்கு அதுதான் விதை.

திறந்ததும் கறுப்புத் திரையில் கட்டளைக்காகக் காத்திருக்கும். எஸ்கேப் தட்டினால் எடிட்டர். மேலே ஐந்து டேப்கள்: கோடு (நிரல்), ஸ்ப்ரைட், மேப் (ஸ்ப்ரைட்டுகளை அடுக்கி லெவல் வரையும் கட்டப் பலகை), ஒலி, இசை. கேம் செய்யத் தேவையான எல்லாமே இந்த ஐந்துக்குள் முடிந்துவிடுகிறது, வெளியே வேறு எதையும் நிறுவ வேண்டாம். கண்ட்ரோல்-ஆர் அழுத்தினால் கேம் ஓடும், எஸ்கேப்பை இரண்டு முறை தட்டினால் மறுபடி எடிட்டர். ஒரு எண்ணை மாற்றி அதன் விளைவைப் பார்க்க இரண்டு விநாடிகூட ஆகாது. இந்த வேகம் இந்தக் கருவியின் பெரிய பலம். தாவும் உயரம், எதிரியின் வேகம் போன்றவற்றை கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது, நூறு முறை மாற்றி ஓட்டிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

நிரல் எழுதும் மொழி லுவா. மூன்று ஃபங்ஷன்கள் போதும்: தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் இனிட், விநாடிக்கு 30 முறை ஓடும் அப்டேட், திரையில் வரையும் டிரா. கணக்கெல்லாம் அப்டேட்டிலும் வரைவதெல்லாம் டிராவிலும் இருக்க வேண்டும். இதைக் கலக்கக் கூடாது. வேலை அதிகமாகி ஃப்ரேம் (திரையில் ஒருமுறை வரையும் படம்) தவறும்போது பிக்கோ-8 ஒரு டிராவுக்கு இரண்டு அப்டேட் ஓட்டிச் சமாளிக்கும். எதிரியை நகர்த்தும் கணக்கை டிராவில் வைத்திருந்தால், அந்த நேரத்தில் எதிரி மட்டும் பாதி வேகத்தில் போவான். லுவாவில் பட்டியல் 1-இல் தொடங்கும் என்பதையும் மறக்காதீர்கள். குண்டுகளின் பட்டியலை எண் போட்டு முன்னிருந்து பின்னாக ஓட்டிக்கொண்டே நடுவில் ஒன்றை நீக்கினால் அடுத்த குண்டு விடுபட்டுப் போகும். கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டினால் பிரச்சினை இல்லை.

ஸ்ப்ரைட்டும் மேப்பும் புதியவர்களை அதிகம் குழப்பும் இடங்கள். மூன்று பொறிகள் உண்டு. முதலாவது, 0-ஆம் ஸ்ப்ரைட்டில் எதையும் வரையாதீர்கள். மேப்பில் 0 என்றால் காலி என்று பொருள், அங்கே வரைந்த சுவர் கேமில் தெரியவே தெரியாது. இரண்டாவது, கறுப்பு நிறம் இயல்பாகவே ஒளிபுகும். கறுப்புக் கோட்டால் ஓரம் வரைந்த கதாபாத்திரம் திரையில் ஓட்டையோடு நிற்கும். அந்தப் படத்தை மட்டும் வரையும்போது வேறொரு நிறத்தை ஒளிபுகும் நிறமாக மாற்றிவிட்டு, முடிந்ததும் பழையபடி ஆக்க வேண்டும். மூன்றாவதுதான் கண்ணீர் வரவழைக்கும்: மேப்பின் கீழ்ப்பாதியும், ஸ்ப்ரைட் தாளின் கடைசி இரண்டு பக்கங்களும் ஒரே நினைவகம். மேப்பில் 32-ஆவது வரிசைக்குக் கீழே லெவல் வரைந்தால், 128 முதல் 255 வரையுள்ள ஸ்ப்ரைட்டுகளில் புள்ளி புள்ளியாகக் குப்பை தோன்றும். இது மென்பொருளின் பிழை இல்லை. 256 படமும் 16 திரை மேப்பும் வேண்டுமா, 128 படமும் 32 திரை மேப்பும் வேண்டுமா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். ஓடித் தாவும் கேம் என்றால் இரண்டாவது. 128 படம் தாராளமாகப் போதும்.

சுவரில் மோதுவதற்கு ஸ்ப்ரைட்டின் கீழே உள்ள எட்டுக் கொடி வட்டங்களில் (படத்துக்கு நாம் வைக்கும் அடையாளங்கள்) முதலாவதைச் சுவர் படங்களுக்கு மட்டும் ஏற்றி வையுங்கள். பாத்திரம் போகப்போகும் இடத்தின் நான்கு மூலைகளையும் 8-ஆல் வகுத்து, அந்த மேப் கட்டத்தில் கொடி இருக்கிறதா என்று கேட்டால் வேலை முடிந்தது. மூலையைக் கணக்கிடும்போது இடப்பக்கத்தோடு 7-ஐக் கூட்டுங்கள், 8-ஐ அல்ல. 8 பிக்சல் அகலப் படம் 0 முதல் 7 வரைதான் இருக்கிறது. 8 கூட்டினால் பாத்திரம் ஒரு பிக்சல் பருத்துவிடும், ஒரு கட்டம் அகலமுள்ள இடுக்கில் விழவே விழாது. கிடையாக நகர்த்தி மோதலைப் பார்த்து, அதன்பிறகு தனியாகச் செங்குத்தாக நகர்த்திப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் சுவரை ஒட்டித் தாவும்போது பாத்திரம் காற்றில் ஒட்டிக்கொள்ளும். விழும் வேகத்துக்கும் உச்சவரம்பு வேண்டும். ஒரு ஃப்ரேமுக்கு 15 பிக்சலைத் தாண்டினால் ஒரு கட்டத் தடிமனுள்ள தரையைத் துளைத்துக்கொண்டு போய்விடும். 4 வைத்தால் பாதுகாப்பு.

தாவலுக்கு ஆரம்ப வேகம் 3, ஈர்ப்பு ஃப்ரேமுக்கு 0.3 என்று வைத்துத் தொடங்கலாம். இங்கே ஒரு நுணுக்கம். முதலில் நகர்த்திவிட்டுப் பிறகு ஈர்ப்பைக் கழித்தால் பாத்திரம் 16.5 பிக்சல் உயரும். முதலில் ஈர்ப்பைக் கழித்துவிட்டு நகர்த்தினால் 13.5 பிக்சல்தான். இரண்டு கட்ட உயரம் 16 பிக்சல். ஆக, இரண்டு வரிகளின் வரிசை மாறினாலே ஏற முடிந்த மேடை ஏற முடியாத மேடையாகிவிடும். லெவல்களை வரைந்து முடித்த பிறகு யாராவது கோடைச் சுத்தம் செய்கிறேன் என்று இந்த வரிகளை மாற்றினால் கேம் முழுவதும் உடையும். அதேபோல விநாடிக்கு 30 ஃப்ரேமிலிருந்து 60-க்கு மாறுவதானால் வேகத்தைப் பாதியாக்கினால் போதாது, ஈர்ப்பைக் கால்பங்காக்க வேண்டும்: 1.5, 0.075. மேடை விளிம்பைத் தாண்டிய பிறகும் 4 ஃப்ரேம் வரை தாவ அனுமதியுங்கள். அது இல்லாவிட்டால் விளையாடுபவர் “பட்டனை அழுத்தினேன், தாவவில்லை” என்பார், அவர் சொல்வது நியாயம்.

பழைய கேம்களின் உணர்வு படத்தில் மட்டும் இல்லை, நடத்தையில் இருக்கிறது. டோமோஹிரோ நிஷிகாடோ 1978-இல் உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மீதி எதிரிகள் வேகமெடுப்பார்கள். அந்த இயந்திரம் ஒரு ஃப்ரேமுக்கு ஓர் எதிரியை மட்டும் நகர்த்தியது, 55 பேரையும் ஒரு சுற்று நகர்த்த ஏறக்குறைய ஒரு விநாடி பிடித்தது. பிக்கோ-8-இல் எல்லாரையும் ஒரே ஃப்ரேமில் நகர்த்த முடியும் என்பதால் அப்படித்தான் எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் அந்தப் பதற்றம் வராது. பட்டியலில் ஃப்ரேமுக்கு ஒருவரை மட்டும் நகர்த்துங்கள். விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் 5 பேர் மிஞ்சும்போது ஒவ்வொருவரும் விநாடிக்கு 12 அடி வைப்பார். வேகத்தைக் கூட்ட ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

பேய்களும் அப்படித்தான். 1980-இன் பேக்-மேனில் சிவப்புப் பேய் நாம் நிற்கும் கட்டத்தைக் குறிவைக்கும், இளஞ்சிவப்புப் பேய் நாம் பார்க்கும் திசையில் நாலு கட்டம் முன்னால் குறிவைக்கும். ஒவ்வொரு சந்திப்பிலும், வந்த வழியே திரும்பாமல், குறிக்கு நேர்க்கோட்டில் மிக அருகில் இருக்கும் பக்கத்துக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். பாதை தேடும் பெரிய அல்காரிதம் எதுவும் வேண்டாம். இந்த இரண்டு விதிகளே பின்னாலிருந்து துரத்தலையும் முன்னால் மறித்தலையும் தந்துவிடும்.

பாம்பு கேம் எழுதுபவர்கள் எல்லாரும் ஒரே பிழையில் விழுகிறார்கள். பாம்பு வலப்பக்கம் போகிறது. ஆறு ஃப்ரேமுக்கு ஒருமுறைதான் அடி வைக்கும். அந்த இடைவெளியில் விளையாடுபவர் மேல், இடம் என்று சட்டென இரண்டு கீ அழுத்தினால், பாம்பு மேலே போகாமலேயே இடப்பக்கம் திரும்பித் தன் கழுத்தையே கடித்துச் செத்துவிடும். திசை எதிர்மாறானதா என்று கடைசியாக அழுத்திய கீயோடு ஒப்பிடுவதுதான் காரணம். கடைசியாக அடி வைத்த திசையோடு ஒப்பிட வேண்டும், கூடவே இரண்டு கீகள் வரை வரிசையில் நிறுத்தி அடிக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். உடலை நகர்த்த ஒவ்வொரு துண்டையும் தள்ள வேண்டியதில்லை. தலையில் ஒன்று சேர்த்து வாலில் ஒன்று எடுத்தால் போதும். தீனி தின்ற அடியில் மட்டும் வாலை எடுக்காதீர்கள். மெனுவுக்குப் பயன்படும் “இப்போது அழுத்தினாரா” ஃபங்ஷன், கீயை விடாமல் பிடித்தால் 15 ஃப்ரேம் கழித்து 4 ஃப்ரேமுக்கு ஒருமுறை மறுபடி ஆம் என்று சொல்லும். துப்பாக்கிக்கு அதை வைத்துவிட்டுத் தானாகச் சுடுகிறதே என்று திகைக்க வேண்டாம்.

எண்கள். பிக்கோ-8-இல் எண் 32767-ஐத் தாண்டாது. அதற்கு மேல் கூட்டினால் ஸ்கோர் மைனஸில் காட்டும். எளிய வழி, எல்லாப் புள்ளிகளையும் பத்தில் ஒரு பங்காகவோ நூறில் ஒரு பங்காகவோ சேர்த்து, திரையில் காட்டும்போது பின்னால் பூஜ்யங்களை ஒட்டிவிடுவது. பழைய ஆர்கேட் கேம்களின் ஸ்கோர் போலவும் இருக்கும். இதே வரம்பு தூரக் கணக்கிலும் கடிக்கும். இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டித் தூரம் பார்க்கும்போது, ஒரே திரைக்குள் அதிகபட்சம் 127, 127: கூட்டினால் 32258, தப்பித்துவிடும். பெரிய மேப்பில் எதிரி 200 பிக்சல் தள்ளி இருந்தால் வர்க்கம் 40000, வரம்பைத் தாண்டி மைனஸாகும். எங்கோ இருக்கும் எதிரி பக்கத்தில் இருப்பதாக நினைத்துச் சுட ஆரம்பிப்பான். சோதிக்கும்போது ஒரு திரையில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படாது. வர்க்கம் எடுப்பதற்கு முன் இரண்டு தூரங்களையும் 8-ஆல் வகுத்துவிடுங்கள். கோணத்துக்கும் ஒரு முழுச் சுற்று 360 இல்லை, 1. சைன் மதிப்பு தலைகீழாக வரும், ஏனென்றால் திரையில் கீழ்நோக்கிப் போனால் எண் கூடுகிறது.

உண்மையான குறை டோக்கன் வரம்பு. டோக்கன் என்பது நிரலை அளக்கும் சிறு அலகு. கோடில் மொத்தம் 8192 டோக்கன். வேரியபிள் பெயர், எண், கூட்டல் குறி, சமக்குறி, அடைப்புக்குறி ஜோடி என ஒவ்வொன்றும் ஒரு டோக்கன். காற்புள்ளி, எண்ட், லோக்கல், கமெண்ட் ஆகியவற்றுக்குக் கணக்கில்லை. ஒரு வேரியபிளில் 1 கூட்டுவதை நீட்டி எழுதினால் 5 டோக்கன், சுருக்க வடிவில் 3. பாம்பு, செங்கல் போன்றவற்றுக்கு இந்த வரம்பின் அருகில்கூடப் போக மாட்டீர்கள். லெவல் முடிவில் வரும் பெரிய எதிரிகள், கடை, உரையாடல் என்று சேர்க்க ஆரம்பித்தால் 6000-க்கு மேல் மூச்சு முட்டும். மீட்சி ஒன்று உண்டு: எவ்வளவு நீளமான சரமும் (மேற்கோள் குறிக்குள் எழுதும் எழுத்துத் தொடர்) ஒரே டோக்கன்தான். எதிரிகளின் வேகம், உயிர், புள்ளி எல்லாவற்றையும் காற்புள்ளி போட்டு ஒரே சரமாக எழுதி, ஓடும்போது ஸ்ப்ளிட் ஃபங்ஷனால் பிரித்துக்கொள்ளலாம். பட்டியலாக எழுதினால் நூற்றுக்கணக்கில் போகும் டோக்கன் நாலைந்தில் முடியும். எத்தனை டோக்கன் ஆயிற்று என்பது எடிட்டரின் வலது கீழ் மூலையில் எப்போதும் தெரியும்.

இந்த வரம்பு வேண்டவே வேண்டாம் என்பவர்கள் டிக்-80 பார்க்கலாம். திறந்த மூல மென்பொருள், திரை 240×136, நிறங்களை நாமே மாற்றலாம், லுவா தவிர ஜாவாஸ்கிரிப்ட் உட்படப் பல மொழிகளில் எழுதலாம், டோக்கன் கணக்கு கிடையாது. நல்ல கருவிதான். ஆனாலும் முதல் கேமுக்கு பிக்கோ-8-ஐயே சொல்வோம். சதுரத் திரையும் மாற்ற முடியாத நிறங்களும் பாதி முடிவுகளை நமக்காக எடுத்துவிடுகின்றன, கையேடும் தெளிவு.

உள்ளே இருக்கும் கோடு எடிட்டர் அழகாக இருந்தாலும் நீண்ட வேலைக்கு உதவாது. ஒரு வரியில் ஏறக்குறைய 30 எழுத்துதான் தெரியும். 500 வரியைத் தாண்டியதும் கோடைத் தனி லுவா கோப்பில் வைத்து, கேட்ரிட்ஜில் இன்க்ளூட் வரியால் இணைத்து, பிடித்த எடிட்டரில் எழுதுங்கள். கேட்ரிட்ஜ் கோப்பையே வெளியிலும் உள்ளேயும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால், கடைசியில் சேவ் செய்தது மற்றதை அழிக்கும். அப்படி நடந்துவிட்டால் பேக்கப் கோப்புறையைப் பாருங்கள். மேலெழுதும்போது பழைய பிரதி அங்கே போய் விழுந்திருக்கும்.

ஒலி எடிட்டர் இசை தெரியாதவர்களுக்கும் கைகொடுக்கும். 64 ஒலிகள், ஒவ்வொன்றிலும் 32 சுரம், எட்டு வகை அலை. மவுஸால் மேடுபள்ளமாகக் கோடு இழுத்தாலே தாவல் சத்தம் வந்துவிடும். பின்னணி இசை நாலு சேனலையும் எடுத்துக்கொண்டால் காசு எடுக்கும் ஒலி வரும்போது இசையில் ஒரு பகுதி அறுந்துபோகும். இசையை மூன்று சேனலில் அமைத்து, இசையைத் தொடங்கும் வரியில் சேனல் முகமூடியாக (எந்தச் சேனல்கள் இசைக்கு என்று சொல்லும் எண்) 7 கொடுங்கள். நாலாவது எப்போதும் சத்தங்களுக்கு.

தமிழில் எழுத்து காட்ட நினைப்பவர்களுக்கு ஏமாற்றம் உண்டு. உள்ளமைந்த எழுத்துருவில் ஜப்பானிய எழுத்துகள்கூட இருக்கின்றன, தமிழ் இல்லை. சொந்த எழுத்துரு சேர்க்கலாம், ஆனால் ஓர் எழுத்துக்கு 8×8 கட்டம்தான். ண, ஞ, ணை போன்றவை அதில் படிக்கும்படி நிற்காது. சொற்களைப் படமாகவே வரைவதுதான் வழி. உயரம் 16 பிக்சல் எடுத்துக்கொள்ளுங்கள்: மேலே புள்ளிக்கும் சுழிக்கும் 3, கீழே து, மு போன்றவற்றின் காலுக்கு 3, நடுவில் 10. “ஆட்டம் முடிந்தது” என்பதை இரண்டு வரியாக 48×32-இல் எழுதலாம், 24 ஸ்ப்ரைட் செலவாகும். தலைப்பு, தொடக்கம், முடிவு என்று மூன்று சொற்றொடருக்கு இடம் ஒதுக்கலாம். ஸ்கோர் எண்களுக்கு உள்ளமைந்த எழுத்துருவே போதும். உரையாடல் நிறைந்த தமிழ்க் கதை கேம் இதில் வேண்டாம்.

முடித்த கேமை ஒரே கட்டளையில் வலைப்பக்கமாக ஏற்றுமதி செய்யலாம். இரண்டு கோப்புகள் வரும், இரண்டையும் சேர்த்தே வைக்க வேண்டும். ஃபோனில் திறந்தால் தொடுதிரைப் பட்டன்கள் தானாகவே தோன்றும். இன்னொரு வழி பிஎன்ஜி கேட்ரிட்ஜ்: கேட்ரிட்ஜ் போலத் தெரியும் 160×205 படம், அதற்குள்ளேயே கேம் முழுவதும் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகுமை ஆகிய நான்கிலும் கடைசி இரண்டு பிட்டுகளில் தரவு, அதாவது பிக்சலுக்கு ஒரு பைட். 160-ஐ 205-ஆல் பெருக்கினால் 32800, 32 கிலோபைட்டுக்குச் சரியாக இடம் கிடைக்கிறது. அட்டைப்படத்துக்கு, கேம் ஓடும்போதே நல்ல காட்சியில் கண்ட்ரோல்-7 அழுத்திப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தை மெசேஜ் செயலியில் புகைப்படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கும். அந்தக் கடைசி பிட்டுகள்தான் முதலில் போகும், படம் அப்படியே தெரியும், கேம் திறக்காது. கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.